மூன்று கேமராவும் ஒரு கொத்தனாரும்

ஜூன் 2, திங்கள்

இன்று காலை மருந்துக்கடையின் போர்டை முழுதாகப் படித்தேன். இத்தனை வருடமாக அதைப் ‘பச்சைக் கதவுக் கடை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது! உள்ளே போய், “உங்க கடைக்குப் பேர் இருக்குங்க” என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “ஆமாங்க, நான்தான் வெச்சேன்” என்றார்.

மதியம் மகள் போன் செய்தாள். பேச்சு சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தது. பிறகு வழக்கமான இடத்துக்கு வந்து நின்றது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் வெகுநேரம் கிடந்தேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, தைத்த சட்டையைக் கொடுக்க வந்தவர், குரல் கேட்டு ஆளைக் கூட்டி வந்து தூக்கிவிட்டார். என் இடுப்பு சரியாகிவிட்டது. மகளுக்குத்தான் இன்னும் சரியாகவில்லை.

“தனியா இருந்தது போதும்ப்பா. இங்க வந்துடுங்க.”

அவள் இருப்பது ஓர் இரவு முழுக்கப் பஸ்ஸில் போகவேண்டிய ஊர். அங்கே போர்டு எல்லாம் வேறு எழுத்து. கம்பி கட்டுபவன் வளைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டதுபோல் இருக்கும். நான் நம் எழுத்தைக் கற்றதே போன மழைக்காலத்தில்தான், நூலக மாடியில் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில். அங்கே போனால் எனக்கு மறுபடியும் பச்சைக் கதவு, நீலக் கதவுதான். இதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. “அந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்காதும்மா” என்றேன்.

மாப்பிள்ளை போனை வாங்கி ஒரு வழி சொன்னார். “வீட்டுல கேமரா வெச்சுடலாம் மாமா. இங்கிருந்தே உங்களை எப்ப வேணா பாத்துக்கலாம்.” மகள் அரைமனதாக ஒத்துக்கொண்டாள். மாதக் கடைசியில் நேரில் வருவாள். அதற்குள் கேமரா ஒழுங்காகத் தெரிந்தால் நான் இங்கே. தெரியாவிட்டால் அவளோடு பஸ்ஸில்.

இவ்வளவும் எழுதியதில் விரல் வலிக்கிறது. நல்ல வலி.

ஜூன் 5, வியாழன்

கேமராக்காரர் வந்தார். தன்னைவிட நீளமான ஏணியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு சந்து திரும்பும் வித்தையைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஏணிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

கூடத்துச் சுவரில் துளை போடப் போனார். “அங்க வேணாம் தம்பி, உள்ளே குழாய் போகுது” என்றேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். இந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரே நான்தான் என்றதும், அதற்குப் பிறகு ஆணி அடிக்கவும் என்னிடம் அனுமதி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. தையல்காரம்மா வேடிக்கை பார்க்க வந்து, “அண்ணன் விழுந்தது பாத்ரூம்லதானே, அங்க ஒண்ணு வேண்டாமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.

எதற்கும் இருக்கட்டும் என்று இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தேன். “என்ன அண்ணே, பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்றார் தையல்காரம்மா.

சாயங்காலம் என் போனில் படம் வந்தது. கூடத்தில் ஒரு கிழவன் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையின் பின்பக்கம் நல்ல வழுக்கை. யார் இவர் என்று யோசித்தேன்! கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். கொஞ்சம் தாமதமாக ஆட்டினார். தூங்கப் போகும்வரை அவரோடு விளையாடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

வீட்டுக்குள் எனக்குத் தெரிகிறது. மகளுக்குத் தெரியவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம்.

ஏணிக்காரர் விளக்கினார். வீட்டுக்கு இணையம் தருகிற ரவுட்டர் பெட்டி, அடுக்குமாடிக் காவலாளி மாதிரி. வீட்டிலிருந்து வெளியே போகிறவரைத் தடுக்கமாட்டார். வெளியிலிருந்து வருகிறவரை மட்டும், ‘யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். ‘இந்த எண்ணைச் சொல்லி யார் வந்தாலும் கேமரா இருக்கும் அறைக்கு அனுப்பு’ என்று அவரிடம் சொல்லி வைக்கவேண்டும். அதற்கு ரவுட்டரில் ஒரு வாசல் திறக்கவேண்டும்.

வாசல் என்றதும் எனக்கு உற்சாகம். “எத்தனை அடி உயரம்?” என்றேன். அவர் எச்சிலை விழுங்கிவிட்டு, “நாளைக்கு வர்றேன் ஐயா” என்றார்.

ஜூன் 7, சனி

வாசல் திறந்தாயிற்று. சிமெண்ட் இல்லை, மணல் இல்லை, தூசி இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே நாலு எண்ணைத் தட்டி முடித்துவிட்டார். கலி முற்றிவிட்டது.

அதற்கு முன்னால் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார். பெட்டியோடு வருகிற சொல் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றேதானாம். மாற்றாமல் வாசலைத் திறந்தால், எங்கேயோ இருக்கிற எவனோ என் சமையலறையைப் பார்ப்பானாம். “பாத்துட்டுப் போறான் தம்பி, நானும் தனியாத்தானே சமைக்கிறேன்” என்றேன். “உங்களைப் பாக்கமாட்டான் ஐயா. நீங்க எப்ப வெளியே போறீங்கன்னு பாப்பான்” என்றார். அடேயப்பா.

புதுச் சொல் ஆங்கில எழுத்தில் இருக்கவேண்டுமாம். ஏணிக்காரர் காட்டக் காட்ட ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினேன். பிறகு அவரை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, நடுவில் ஒன்றை நானே மாற்றினேன். அந்தச் சொல்லை இங்கே எழுதப் போவதில்லை. எழுதத் தெரிந்த பிறகு எழுதாமல் இருப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது.

மகளுக்கும் தெரிந்துவிட்டது! “அப்பா, நீங்க நிக்கிறது தெரியுது! ஏன் ஒரு கால்ல நிக்கிறீங்க?” ஆடினேன் என்று சொல்லவில்லை. கால் மரத்துப்போச்சு என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

எழுந்ததும் கூடத்துக் கேமராவுக்கு வணக்கம் சொன்னேன். “முதல்ல பல்லு தேச்சீங்களா?” என்று அது மகள் குரலில் கேட்டது.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று வகுப்பு முடிந்து வந்தபோது மகளிடமிருந்து வரிசையாக அழைப்புகள். மாலையில் படம் இருட்டாகிவிட்டதாம். எனக்குப் போன் செய்திருக்கிறாள். வகுப்பில் போனை அமுக்கி வைப்பது வழக்கம். பயந்துபோய்த் தையல்காரம்மாவுக்கு அடித்திருக்கிறாள். அவரும் என் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், அவர் போனும் அமுங்கிக் கிடந்தது.

ஏணிக்காரர் இன்று வந்து பார்த்தார். எல்லாம் எரிகிறது. என் போனில் படம் வருகிறது. “வெளியிலேர்ந்து வர்ற எண் மாறிப்போச்சு ஐயா” என்றார். இணையக் கம்பெனி நம் வீட்டுக்கு ஓர் எண் கொடுத்திருக்கும். அதுதான் வெளியுலகத்துக்கு நம் முகவரி. ரவுட்டர் அணைந்து எரிந்தால் கம்பெனி வேறு எண் கொடுத்துவிடும். புது எண்ணை மகளுக்கு அனுப்பினார், தெரிந்தது.

கல்யாணமானதிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒரே முகவரி. இந்தப் பெட்டி வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் வீடு மாறிவிட்டது!

ஜூன் 13, வெள்ளி

மறுபடி. மறுபடி. மறுபடி.

ஒவ்வொரு சாயங்காலமும் இருட்டு. மறுநாள் ஏணிக்காரர் வந்து புது எண் போடுகிறார், தெரிகிறது. அடுத்த சாயங்காலம் இருட்டு. அவர் கம்பெனியைத் திட்டுகிறார். கம்பெனிக்காரன் போனில், “எங்க பக்கம் சரியா இருக்கு சார், உங்க வீட்டுல பாருங்க” என்கிறான். வீட்டில் என்ன பார்ப்பது? வீட்டில் நான்தான் இருக்கிறேன்.

மகள் இன்று கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. “பரவாயில்லப்பா, முயற்சி பண்ணிப் பாத்தோம்ல” என்றாள். ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள்.

என்ன முயற்சி பண்ணிப் பாத்தோம்? முடிஞ்சுபோச்சா? இன்னும் பாதி மாசம் இருக்குல்ல?

ஜூன் 16, திங்கள்

ரவுட்டரையே மாற்றிப் பார்த்தார். ஒயரை மாற்றினார். இருட்டு.

இன்று தெருவின் எல்லாப் போர்டுகளையும் ஒருமுறை படித்துக்கொண்டே நடந்தேன். சலவைக்கடை, பூட்டு ரிப்பேர், ‘இங்கே குப்பை கொட்டாதீர்’. அந்தக் கடைசிப் போர்டுக்குக் கீழேதான் குப்பை மலைபோல் கிடந்தது. கொட்டுகிறவர்களுக்குப் படிக்கத் தெரியாதோ என்னவோ. எங்கள் வகுப்புக்கு அனுப்பலாம்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

ஜூன் 18, புதன்

இன்று நடந்ததை எழுத உட்கார்ந்தேன். மூன்று முறை எழுந்து போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஏணிக்காரர் மதியமே வந்து ரவுட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். “இன்னிக்கு இது எப்படி அணையுதுன்னு என் கண்ணால பாக்காம போகமாட்டேன் ஐயா.” அதன் பச்சை விளக்குகள் ஒழுங்காகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. சாயங்காலம்வரை ஒன்றும் ஆகவில்லை. கொட்டாவி விட்டார். “ஒரு குறையும் இல்ல. வாங்க, தெருமுனையில ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்.”

செருப்பைப் போட்டேன். சாவியை எடுத்தேன். எப்போதும்போல் கதவோரப் பெட்டிக்குக் கை நீட்டி மெயின் சுவிட்சை இறக்கினேன். கதவைச் சாத்திப் பூட்டினேன்.

அவர் படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றுவிட்டார்.

“ஐயா… இப்ப என்ன பண்ணீங்க?”

“பூட்டினேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“மெயினை இறக்கினேன்.”

“எதுக்கு?”

“என்ன தம்பி கேள்வி இது? வெளியே போறோம்ல!”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். மயக்கமோ என்று பயந்து தோளைத் தொட்டேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வர, சத்தமே வராமல் சிரிக்கிறார்.

நான் விளக்கம் சொன்னேன். கட்டட வேலையில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது இதைத்தான். வேலை முடிந்து கிளம்பும்போது மெயினை இறக்காமல் போனவனை மேஸ்திரி மறுநாள் உள்ளேயே விடமாட்டார். இந்தக் கை பதினாறு வயதிலிருந்து இறக்குகிறது. நான் சொல்லி அது செய்வதில்லை, அதுவாகவே செய்கிறது.

“ரவுட்டருக்கும் அந்தக் கரண்டுதான் ஐயா. கேமராவுக்கும் அதுதான். வீட்டுல ஆள் இல்லாதப்ப பாக்கத்தானே கேமரா? நீங்க தினமும் அதைத் தூங்க வெச்சிட்டு கிளாசுக்குப் போயிருக்கீங்க! திரும்பி வந்து மெயினைப் போட்டதும் எண் மாறிடுது. நான் கம்பெனிக்காரனோட அப்பா அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டிட்டேன்!”

மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் சின்ன வயதில் சிரித்த மாதிரியே விக்கி விக்கிச் சிரித்தாள். நடுவில் சட்டென்று நிறுத்தினாள்.

“அப்பா… அப்ப ஃப்ரிட்ஜு?”

“அதுவும்தான்.”

“அய்யோ அப்பா! அதான் உங்க வீட்டுப் பால் எப்பவும் திரிஞ்சு போகுதா?”

இரண்டு வருடமாகப் பால்காரரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை நான். தையல்காரம்மாவிடம் இதைச் சொன்னதும் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார். “அண்ணே, நீங்க அந்த மனுசன் கால்ல விழணும். ஆனா பாத்து விழுங்க, இடுப்பு இப்பத்தான் சரியாச்சு.”

ஜூன் 19, வியாழன்

பால்காரர் மன்னித்துவிட்டார். சிரிக்கவே இல்லை. நாளையிலிருந்து கால் லிட்டர் கூடுதலாக வாங்குவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் சிரித்தார்.

ஜூன் 20, வெள்ளி

கையை எப்படி நிறுத்துவது? வெள்ளை அட்டை ஒன்று எடுத்து, பெரிய எழுத்தில் ‘இறக்காதே’ என்று எழுதி மெயின் பெட்டியில் ஒட்டினேன். நான் எழுதிய முதல் போர்டு! தெருவில் நின்று ஒருமுறை, படியில் நின்று ஒருமுறை, கதவுக்குப் பக்கத்தில் ஒருமுறை படித்துப் பார்த்தேன். எங்கிருந்து பார்த்தாலும் நன்றாக இருக்கிறது.

இன்று சாயங்காலம் கை தானாகப் போயிற்று. போர்டைப் படித்தது. திரும்பி வந்துவிட்டது.

ஏணிக்காரர் இன்னொரு வேலையும் செய்தார். கரண்டு என்றைக்காவது தானாகவே போகும், எண் மாறும். அதனால் எண்ணுக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு பெயர் வைத்துவிடலாமாம். எண் எத்தனை முறை மாறினாலும், ரவுட்டரே ‘இப்போது இங்கே இருக்கிறேன்’ என்று அந்தப் பெயரிடம் சொல்லிவிடும். மகள் பெயரை மட்டும் அடித்தால் போதும். “என்ன பேர் வைக்கலாம் ஐயா? ஏற்கெனவே யாரும் வெச்சிருக்கக் கூடாது.”

யோசித்துச் சொன்னேன். ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தார். யாரும் வைத்திருக்கவில்லை.

அப்பா இருக்கேன். அதுதான் பெயர்.

மகளுக்குப் போனில் எழுத்து எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். பாதியில் அவளுக்குப் புரிந்துவிட்டது போல. மீதி எழுத்தை அவர் சொல்லாமலே அடித்துவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

நல்லதா கெட்டதா தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் தையல்காரம்மா வீட்டுப்பாடத்தோடு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை மாற்றி மாற்றிப் படித்தோம். நடுவில் அவர் கேட்டார்:

“அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. பொண்ணு வீட்டுக்குப் போனா என்ன? ராஜா மாதிரி இருக்கலாம். தட்டுல போட்டு நீட்டும்.”

“அங்க போர்டெல்லாம் வேற எழுத்தும்மா.”

“அதனால?”

“அதனாலயா? இப்பத்தான் எனக்குக் கண்ணு திறந்துச்சு. நீங்களும் நானும் என்ன பாடுபட்டோம் அந்த ‘ஞ’வுக்கு! அங்க போனா யாரையாச்சும் நிறுத்தி, ‘தம்பி, இது என்ன பஸ்ஸு’ன்னு கேக்கணும். வாழ்நாள் பூரா கேட்டாச்சு. இனிமே என்னால முடியாது.”

“இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்றது? அப்பாவுக்கு எழுத்துத் தெரியாதுன்னு பள்ளிக்கூடத்துல யார்கிட்டயும் சொல்லாம மறைச்ச பொண்ணு அது. என் வெட்கத்தை அதுவும் சேர்த்துச் சுமந்துச்சு. மறுபடியும் அதே மூட்டையைத் தலையில ஏத்தவா?”

“அப்பா.”

மேலேயிருந்து வந்தது. தையல்காரம்மா ‘அய்யோ’ என்று கத்தி எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது. கேமரா. மறந்தே போய்விட்டேன்!

“தண்ணி ஒத்துக்காதுன்னுதானே சொன்னீங்க?”

கேமராவைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா என்றே தெரியவில்லை.

“நான் ஒண்ணும் வெட்கப்படலப்பா. உங்களைப் பாத்து யாராச்சும் சிரிச்சிடக் கூடாதேன்னுதான் சொல்லல.” பிறகு, “கையில என்ன பேப்பரா? எனக்குப் படிச்சுக் காட்டுங்க.”

வாடகை விளம்பரம்தான் கண்ணில் பட்டது. படித்தேன். இரண்டு அறை. தண்ணீர் வசதி உண்டு. சிறிய குடும்பம் விரும்பத்தக்கது. ‘விரும்பத்தக்கது’ என்ற இடத்தில் கொஞ்சம் தடுக்கியது. தையல்காரம்மா உதட்டை அசைத்து உதவப் பார்த்தார். கையை நீட்டித் தடுத்தேன். நானே சொல்லிவிட்டேன். அடுத்து ஒரு பழைய கட்டில் விற்பனைக்கு. அடுத்து காணாமல் போன பூனை.

கடைசிவரை கேட்டாள். “சரிப்பா” என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள்.

சரியா? எதுக்குச் சரி?

ஜூன் 23, திங்கள்

மகள் போன் செய்தாள். மாத்திரை போட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 28, சனி

வந்துவிட்டாள். கையில் இவ்வளவு பெரிய பெட்டி. நாலு நாளைக்கு எதற்கு அவ்வளவு பெரிது? அவள் குளிக்கப் போனபோது தூக்கிப் பார்த்தேன். காலி. அவள் துணியெல்லாம் தோள்பையில் இருக்கிறது.

அப்ப இது எனக்குத்தான். என் துணிக்கு. கேமரா நல்லாத்தானே தெரியுது? என்ன குறை?

கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

ஜூன் 29, ஞாயிறு

ஞாயிறு என்பதால் வகுப்பு இல்லை. என்னோடு தெருவில் நடக்க வந்தாள். “இது என்ன கடைப்பா?” “அது என்னப்பா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு ஒரு கடையும் தெரியவில்லையாம்! நானும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். குப்பைப் போர்டுக்கு வந்தபோது இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தோம்.

ஜூன் 30, திங்கள்

காலையில் ஏணிக்காரரை வரவழைத்து, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள இரண்டு எஃகுக் கம்பிகள் பொருத்தச் சொன்னாள். எந்த உயரத்தில் என்று என்னிடம் கேட்டார்கள். நின்று காட்டினேன், உட்கார்ந்து காட்டினேன். கம்பியைப் பிடித்துத் தொங்கியும் காட்டினேன், மகள் திட்டினாள்.

விட்டுவிட்டுப் போகிற வீட்டுக்கு யாராவது கம்பி போடுவார்களா? நான் கேட்கவில்லை. கம்பியைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

சாயங்காலம் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். டீச்சர் அவளைப் புது மாணவி என்று நினைத்துப் பெயர் கேட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். பெட்டியை நான்தான் உருட்டினேன். நிலையம் முழுக்கப் பஸ், ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியிலும் போர்டு, மகள் ஊர்ப் பக்கம் போகிறவற்றில் மட்டும் கீழே அந்த ஊர் எழுத்து, மேலே நம் எழுத்து. மகள் போர்டுகளுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, “எந்த பஸ்ஸுப்பா? பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

ஊர்ப் பெயர் நீளம். நடுவில் இரண்டு கூட்டெழுத்து வேறு. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசி எழுத்தை நான் சொல்லி முடிப்பதற்கும் அந்தப் பஸ் கிளம்பிப் போவதற்கும் சரியாக இருந்தது.

“அதுதான்! அதுதான்மா!” என்று கத்தினேன்.

“போகட்டும்ப்பா” என்றாள். “அடுத்தது இருக்கு.”

பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கெங்கோ போகிற பஸ்களையெல்லாம் படித்துச் சொன்னேன். ஒன்றைத் தப்பாகப் படித்தேன். அவள் திருத்தவில்லை, பிறகு நானே கண்டுபிடித்துத் திருத்தினேன். அடுத்த பஸ்ஸுக்கு மூட்டை ஏற்றுகிறவர் வந்து பெட்டியைத் தூக்கினார். தூக்கியவர் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தார்.

“என்னம்மா இது, உள்ளே ஒண்ணுமே இல்ல! காத்தையா ஊருக்குக் கொண்டு போறீங்க?”

“ஆமாண்ணே, எடுத்துட்டு வந்த காத்துதான்” என்றாள். என் கையைப் பிடித்திருந்தாள்.

அடுத்த பஸ் வந்து நின்றது. அந்த ஊர்ப் பெயரின் எழுத்துகள் எனக்கு இப்போது பழகிவிட்டதால் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் மெதுவாகப் படித்திருக்கலாம்.